பிள்ளையாருக்கு முன்னால் ஒரு கொரியா

முதல் குடம் பாதி நிறைவதற்குள் பிரகதீஸ்வரியின் முகத்தில் நுரை ஏறியிருக்கும். திருக்கோகர்ணத்தில் அந்தத் தெருமுனைக் குழாயில் காவிரித் தண்ணீர் வருவது விடிகிற நேரத்தில்தான். மற்றவர்கள் குடத்தை வைத்துவிட்டுக் கொட்டாவி விடுவார்கள், நாத்தனாரைப் பற்றிப் பேசுவார்கள். இவள் கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியால் கன்னத்தில் மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டிருப்பாள். கண் மூடியிருந்தாலும் காது குடத்தின் மேலேயே இருக்கும். தண்ணீர் கழுத்துக்கு ஏறும்போது சத்தம் மாறும். அந்த நொடியில் குடத்தை நகர்த்தி, அடுத்ததை வைத்து, இரண்டு கை தண்ணீர் பிடித்து முகத்தைக் கழுவிவிடுவாள். அவள் குடம் ஒருநாளும் வழிந்தது கிடையாது.

துடைக்க அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த துண்டு. துடைப்பது என்றால் தேய்ப்பது இல்லை, ஒற்றி எடுப்பது. இந்த விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவே மாட்டாள். குழாயடியில் யாராவது முந்தானையால் முகத்தைப் பரபரவென்று தேய்த்துவிட்டால் அவளுக்குப் பொறுக்காது. "தேய்க்கக் கூடாதுக்கா, தட்டணும். மூஞ்சி என்ன பித்தளைச் செம்பா, புளி போட்டு வெளக்க?" என்று கேட்டுவிடுவாள். கேட்ட பிறகுதான் பெரியவர்களிடம் கேட்டுவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

மூன்றாவது குடம் நிறைகிற நேரம்தான் முக்கியமானது. குழாய்க்கு நாலு எட்டு தள்ளி, முச்சந்திப் பிள்ளையாரின் கம்பிக்கதவைப் பார்த்தபடி ஓர் ஆட்டோ நிற்கிறது. அவள் அப்பாவுடையது. அதன் பக்கக் கண்ணாடிதான் அவளுடைய கண்ணாடி. அதன் முன்பெட்டிதான் அவளுடைய அலமாரி. டோனர் என்கிற முகத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி இரண்டு கன்னத்திலும் மாறி மாறித் தட்டுவாள். நெற்றியில் எண்ணெய் அதிகம், அதனால் அங்கே சீரம். அதை விரல்களை மடக்கி டொக் டொக்கென்று இறக்குவாள். பிறகு தண்ணீர் மாதிரி இளகிய ஜெல் கிரீம். கடைசியில் வெயிலுக்கு சன்ஸ்கிரீன், காது உட்பட. கண்ணாடி உள்ளங்கை அகலம்தான் என்பதால் ஒரு நேரத்தில் கால்வாசி முகம்தான் தெரியும். நெற்றியைப் பார்க்க முழங்காலை மடக்கித் தாழ வேண்டும், முகவாயைப் பார்க்க எழுந்து நிமிர வேண்டும். காதைப் பிடித்தபடி தாழ்ந்தும் எழுந்தும் அவள் வேலையை முடிக்கும்போது மூன்றாவது குடத்தின் சத்தம் மாறியிருக்கும். ஓடுவாள்.

இவ்வளவு வேகம் எதற்கு என்றால், வீட்டு வாசலில் அம்மா திலகவதியின் இட்லிக் கடைக்கு அதற்குள் ஆள் வந்திருக்கும். லைன் வீட்டின் முன்பக்கம் ஒரு மேசை, ஓர் இட்லிக் கொப்பரை, ஒரு வடைச்சட்டி, அவ்வளவுதான் கடை. சட்டிக்கு முன்னால் ஜல்லிக்கரண்டி பிடிப்பது பெரும்பாலும் பிளஸ் ஒன் படிக்கிற மகள். அங்கிருந்துதான் அவளுக்குப் பள்ளியில் 'வடச்சட்டி' என்ற பெயர் கிடைத்தது. கடை ஒரு காரணம் என்றால் முகம் இன்னொரு காரணம். பிறவியிலேயே எண்ணெய் ஊறுகிற முகம் அது. பவுடர் போட்டுக்கொண்டு முதல் பீரியடுக்குப் போனால் மூன்றாவது பீரியடில் மூக்கின் மேல் விளக்கேற்றலாம்.

ஒன்பதாம் வகுப்பில் பருக்கள் வந்தன. வந்தன என்று சொன்னால் போதாது, குடியேறின. அவள் அவற்றைக் கிள்ளினாள், சோப்பு போட்டு நாளைக்கு ஏழெட்டு தடவை தேய்த்தாள், பற்பசை வைத்துக்கொண்டு படுத்தாள். அவை ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் மாஸ்க் போட்டுக்கொண்டாள். கொரோனாவை ஊரே மறந்த பிறகும் அந்த வகுப்பில் ஒரே ஒரு பெண் மட்டும் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் கேட்டால் தூசி அலர்ஜி என்பாள். சாப்பிடும்போதுகூடச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டுதான் மாஸ்க்கை இறக்குவாள்.

அந்தச் சுவருக்கும் அவளுக்கும் நடுவில் ஒருநாள் வந்து உட்கார்ந்தவள் ஷீபா. கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து அந்த ஊர்ச் சாப்பாடு, அந்த ஊர்ச் சண்டை, அந்த ஊர் முகம் எல்லாவற்றிலும் தேறியவள். "ஒனக்கு எண்ணெ ஜாஸ்தின்னு நீ சோப்பப் போட்டுத் தேய்க்கிற. தோலு என்ன நெனைக்கும்? ஐயோ காஞ்சு போச்சேன்னு இன்னும் ஊத்தும். அங்கிட்டுப் புள்ளைங்க அடிக்கிறதில்லடி, சமாதானம் பண்ணுதுங்க" என்றாள். தன் முகத்தோடு சமாதானம் பேசலாம் என்பது பிரகதிக்குப் புதுச் செய்தி. அன்று சாயங்காலமே ஷீபாவின் போனில் வீடியோ பார்த்தாள். ஒரு கொரியப் பெண் பேசுவதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கை பேசியது நன்றாகப் புரிந்தது. அரைத் தூக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் காலையில் அவசரமாகச் செய்துவிட்டு ஓடுகிற வேலை அது. தனக்காகவே எடுத்தது மாதிரி இருந்தது.

முதலில் அரிசி கழுவிய தண்ணீரில்தான் ஆரம்பித்தாள். இட்லிக் கடையில் அதற்குப் பஞ்சமில்லை. பால்காரி அழகம்மாளின் மாட்டுக்கு என்று எடுத்து வைத்திருப்பதில் ஒரு தம்ளர் திருடிப் பாட்டிலில் அடைத்து வைத்தாள். இரண்டாம் நாள் புளித்து, மூன்றாம் நாள் மூடி தெறித்து, புத்தகப்பை முழுக்கக் கழனித்தண்ணீர் வாடை. அதன் பிறகு ஷீபா தன் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த டோனர் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மற்றதெல்லாம் கீழராஜவீதி ஃபேன்சி கடையில் சேர்த்தது. திலகவதி ஒருநாள் அலமாரியில் டியூப்களைப் பார்த்துவிட்டாள். "வழியுற மூஞ்சிக்கு இன்னும் கிரீமா? சட்டியில ஊத்துறது பத்தலன்னு மூஞ்சியிலயும் ஊத்தப் போறியா? நாளைக்கு இதெல்லாம் வீட்ல இருந்துச்சு, குப்பைக்குத்தான் போகும்" என்றாள். மறுநாள் அவை வீட்டில் இல்லை. ஆட்டோவின் முன்பெட்டிக்குக் குடிபோயிருந்தன.

ஆட்டோ ஏன் காலை நேரத்தில் சும்மா நிற்கிறது என்று கேட்க வேண்டும். அப்பா ஆனந்தராஜ் புதுக்கோட்டைத் தெருக்களில் ஒரு கோழியைக்கூட இடித்தது கிடையாது. அப்படிப்பட்டவர் மாட்டுப் பொங்கலன்று ஆட்டோவுக்குத் தோரணம் கட்ட பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, ஸ்டூல் காலை வாரி, வலது காலை முறித்துக்கொண்டார். பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள். முட்டிக்குக் கீழே வெள்ளைத் தூண் மாதிரி ஒன்றை நீட்டிக்கொண்டு, ஜன்னலோரக் கட்டிலில் கிடந்து, அங்கிருந்து தெரிகிற தன் ஆட்டோவின் பின்கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை வேறு ஆள் கையில் கொடுக்க மனசு வரவில்லை. ஸ்டாண்டுத் தோழர் நாகராசு மட்டும் அவ்வப்போது வந்து ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் உறுமவிட்டு, அணைத்துவிட்டுப் போவார்.

பிள்ளையாருக்கு எதிர்ச்சாரியில் அருகம்புல்லும் எருக்கம்பூ மாலையும் விற்பவள் இருளாயி. குழாயடிக்கும் அவள் கூடைக்கும் தெரிவது பிரகதியின் முதுகுதான். டியூபும் பாட்டிலும் ஆட்டோவுக்குள் மறைந்துவிடும். செய்கைகள் மட்டும் வெளியே தெரியும். மாசி மாதத்து ஒரு காலையில் இருளாயி கூடையை அப்படியே போட்டுவிட்டு இட்லிக் கடைக்கு நடந்து வந்தாள்.

"திலகம், ஒம் மக மாதிரி ஒரு புள்ளைய நான் பாத்ததில்ல. விடியக்கருக்கல்ல மூஞ்சி கழுவிட்டுப் பிள்ளையாருக்கு முன்னாடி வந்து நிக்கிது. கன்னத்துல போட்டுக்குது. நெத்தியில குட்டிக்குது. காதப் புடிச்சுக்கிட்டுத் தோப்புக்கரணம் போடுது. திரும்புறப்ப நெத்தி நெறைய திருநீறு. ஒருநா தவறல. அப்பன் காலுக்காக அந்தப் புள்ள படுற பாட்டப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிருச்சு" என்றாள்.

திருநீறு என்று அவள் சொன்னது சன்ஸ்கிரீன். அது கொஞ்சம் மலிவான ரகம், தோலில் இறங்குகிறவரை வெள்ளையடித்த மாதிரி நிற்கும். திலகவதி அதையெல்லாம் எங்கே கண்டாள். மாவுக்கரண்டி அந்தரத்தில் நின்றது. கொப்பரையில் ஓர் ஈடு இட்லி வெந்து கல்லாகிப்போனது. அன்றைக்கு வந்த வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சட்னியோடு சேர்த்து மகளின் பக்தியும் பரிமாறப்பட்டது.

பள்ளிவிட்டு வந்த பிரகதியின் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள் அம்மா. முன்பெட்டி பிடிபட்டுவிட்டது என்று பிரகதி நினைத்தாள்.

"இல்லம்மா, அது வந்து, ஷீபாதான் மொதல்ல செய்யச் சொன்னா."

"ஷீபாவா? சர்ச்சுக்குப் போற வேதக்காரப் புள்ள, அதுக்குக்கூட ஒங்கப்பன் மேல எம்புட்டு அக்கறை பாரு" என்று திலகவதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தேய்த்துத்தான் துடைத்தாள். மகளுக்கு அதைத் திருத்த வாய் வரவில்லை. அரை மணி நேரம் கழித்து, அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைச் சுவர் வழியாகக் கேட்ட பிறகுதான் தெருவே தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் அவள் ஆட்டோப் பக்கம் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால், எல்லோருக்கும் பொதுவான குளியலறையின் மறைவில், கண்ணாடி இல்லாமல் அவசர அவசரமாகத் தடவிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். அன்று பார்த்து ஆனந்தராஜ் ரிமோட்டை எட்டி எடுக்கப் போய்க் கட்டுப்போட்ட காலை ஊன்றிவிட்டார். ராத்திரிவரை வலி. காலையில் இருளாயி வீட்டுக்கே வந்து, "நேத்து ஏன் புள்ள வரல?" என்று கேட்டாள். அம்மா மகளைப் பார்த்தாள், அப்பாவின் காலைப் பார்த்தாள், மறுபடி மகளைப் பார்த்தாள். பிரகதி குடத்தை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்கே ஓடினாள்.

அதற்குப் பிறகு முகம் கழுவுவது ஊர்ப் பொறுப்பாகிவிட்டது. பால்காரி அழகம்மாள் அவளைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள். குழாயடியில் அவளுக்கு முறை இல்லை, வந்தவுடன் குடத்தை வைக்கலாம். "நீ போயி வேண்டு தாயி, கொடத்த நாங்க பாத்துக்கறோம்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். வசதிதான். ஆனால் ஜெல் கிரீமைத் தொடும்போதெல்லாம் கை கூசியது. பொய் சொல்லவில்லை, ஆனால் பொய்யின் மேல் உட்கார்ந்து சவாரி செய்வது மாதிரி இருந்தது. ஷீபாவிடம் சொன்னபோது அவள் பெஞ்சில் தலையை முட்டிச் சிரித்துவிட்டு, "பேசாம உண்மையச் சொல்லிரு" என்றாள்.

சொன்னாள். அன்று சாயங்காலமே, தைரியம் ஆறுவதற்குள், டோனர் பாட்டிலை அம்மா முன்னால் வைத்தாள். "அம்மா, நான் வேண்டிக்கவே இல்ல. இதையும் கிரீமையும்தான் கன்னத்துல தட்டுறேன்."

திலகவதி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உள்ளே தெளிந்த தண்ணீர். மேலே வட்டமும் கோடுமாகக் கொரிய எழுத்து. அதை மந்திரித்த எந்திரத் தகட்டைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "தீர்த்தமாடி?" என்றாள். இல்லை என்று மகள் தலையாட்டுவதற்குள் இரண்டு சொட்டு விரலில் எடுத்துக் கணவரின் மாவுக்கட்டில் தெளித்தாகிவிட்டது. பிறகு இருளாயியிடம் போய், "வேண்டிக்கிறத வெளிய சொல்லக் கூடாதுன்னு கிரீமு கிரீமுன்னு மழுப்புதுக்கா. இந்த வயசுல அந்த அடக்கம் யாருக்கு வரும்?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லியும் நம்பாத ஊரில் ஒரு பெண் வேறென்ன செய்வாள். பிரகதி சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வடையைத் திருப்பிப்போட்டாள்.

இதற்கு நடுவில் கன்னம் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பருக்கள் ஒரேயடியாகக் காலிசெய்யவில்லை. ஒவ்வொன்றாகச் சாமான் கட்டின. ஒருநாள் மூன்றாவது பீரியட் முடிந்ததும் ஷீபா டிஷ்யூ பேப்பரை அவள் மூக்கில் ஒற்றி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். பேப்பர் பேப்பராகவே இருந்தது. "ஏய், வெளக்கேத்த முடியாதுடி இனிமே" என்றாள் ஷீபா. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். அன்று பிரகதி மாஸ்க்கைக் கழற்றி, மடித்து, ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டாள். சாப்பாட்டு மணிக்குச் சுவரைப் பார்க்காமல் எல்லோரையும் பார்த்து உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் தயிர்சாதம் சாப்பிட்டதே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்தராஜுக்குத் தன் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் போல இருந்தது. நாகராசு தோளில் கை போட்டு ஏறி உட்கார்ந்தார். நாகராசு டீ வாங்கப் போனார். பிரகதி கட்டுக்காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா ஹேண்டில்பாரைத் தடவிவிட்டு, பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தார்.

"கண்ணாடி எங்கிட்டோ பாக்குதே ஆத்தா. பின்னாடி வார பஸ்ஸு தெரியல. குழாயடியில நிக்கிற பொம்பளைங்கதான் தெரியுறாங்க. ஒங்கம்மா பாத்தா மத்தக் காலையும் ஒடிச்சு விட்ருவா."

பிரகதி வாயைத் திறப்பதற்குள் அவர் முன்பெட்டியைத் திறந்துவிட்டார். ஆர்.சி. புத்தகத்தின் மேல் ஃபேஸ்வாஷ், இன்சூரன்ஸ் தாளின் மேல் சன்ஸ்கிரீன். அவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். மகளின் கன்னத்தைப் பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்தார். விஷயம் மொத்தமும் அவருக்கு ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது. மாவுக்கட்டு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"அம்மாட்ட சொன்னேம்ப்பா. நம்பல."

"நம்ப மாட்டா. நம்பாம இருக்கட்டும், அவளுக்கும் ஒரு தெம்பு வேணும்ல." சிரிப்பு மெல்ல அடங்கியது. கட்டுக்காலை லேசாகத் தட்டினார். "வியாழக்கிழமை எக்ஸ்ரே படம் எடுத்துப் பாப்பாங்களாம். எலும்பு கூடலேன்னா ப்ளேட்டு வைக்கணுங்கிறாங்க. வச்சா, இந்தக் காலு மறுபடி பிரேக்க மிதிக்குமான்னு யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க." அப்பா பயந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதை மறைக்கிற மாதிரி அவரே பேச்சைத் திருப்பினார். "தட்டுறதுதான் தட்டுற. எனக்காகவும் ரெண்டு தட்டு தட்டி வையி ஆத்தா."

சரிப்பா என்றாள். மறுநாள் காலை கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது செய்ய முடியவில்லை. உள்ளங்கையில் டோனர் இருந்தது. பருவுக்குத் தட்டுகிற கையோடு அப்பாவின் காலையும் சேர்த்துத் தட்டினால் அது கலப்படம். ஊரை ஏமாற்றியது தெரியாமல் நடந்தது, பிள்ளையாரை ஏமாற்றினால் தெரிந்தே நடந்ததாகும். கையைக் கழுவிவிட்டு வந்து தட்டலாம் என்றால், இவ்வளவு நாள் எதிரில் நின்று கொரியா வேலை பார்த்துவிட்டு இப்போது காரியம் என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்வதா என்று வெட்கமாக இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் அப்படியே போயின. வியாழக்கிழமை பள்ளியில் பாடம் எதுவும் ஏறவில்லை. நிஜமாக ஒரு தடவைகூட வேண்டவில்லையே, எலும்பு கூடாமல் போனால் அது என்னால்தானே என்ற நினைப்பு வேதியியலில் ஆரம்பித்துத் தமிழ் வகுப்புவரை கூடவே வந்தது.

மணி அடித்ததும் ஓடி வந்தாள். தெருமுனையிலேயே இருளாயியின் குரல் கேட்டுவிட்டது. "கூடிருச்சுடி தங்கம். ஒன் வேண்டுதலு கூட்டிருச்சு." வாசலில் அம்மா சூறைத்தேங்காய் உடைத்த ஓடுகள் கிடந்தன. பிரகதி புத்தகப்பையோடு உள்ளே நுழைந்தாள். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு இல்லை. ஆனால் அது அப்பாவின் காலாக இல்லை. மெலிந்து, வெளுத்து, தோல் உரிந்து செதில் செதிலாக நின்றது. திலகவதி தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு பரபரவென்று தேய்க்கக் குனிந்தாள்.

"அம்மா, தேய்க்காத."

அவள் சொன்ன வேகத்தில் அம்மாவின் கை நின்றுவிட்டது. பிரகதி ஆட்டோவுக்கு ஓடி ஜெல் கிரீமைக் கொண்டுவந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த வேட்டித் துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் கிரீமை வைத்துத் தட்டினாள். கணுக்காலிலிருந்து முட்டிவரை விரல்நுனியால் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே போனாள். ஒரு நாளைக்குப் பட்டாணி அளவு என்று அவள் கணக்காகச் செலவழித்துவந்த டப்பா அன்று பாதி காலியானது. "கூச்சமா இருக்கு ஆத்தா" என்று அப்பா காலை இழுத்துக்கொண்டார். "சும்மா இருங்கப்பா, தோலு சமாதானமாகணும்" என்றாள். திலகவதி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எண்ணெய்க் கையைத் தன் கன்னத்தில் வைத்து, யோசித்து, தேய்க்காமல் மெதுவாகத் தட்டிப் பார்த்தாள்.

நடக்கப் பழகச் சில வாரம் ஆனது. கால் தேறத் தேற, ஆனந்தராஜ் கட்டிலில் உட்கார்ந்தபடி இல்லாத பிரேக்கைத் தரையில் மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள் விடியலிலேயே சட்டைபோட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பிரகதி அப்போதுதான் முகம் கழுவி, மூன்றாவது குடத்தைக் குழாயில் வைத்துவிட்டு வந்திருந்தாள். முகவாயில் ஒரு புதுப் பரு இருந்தது. ஆட்டோவுக்குப் பக்கத்தில் அப்பா ஒரு துணிப்பையை நீட்டினார். முன்பெட்டியில் இருந்ததெல்லாம் அதில் இருந்தது.

"ஒன் கொரியாவ எறக்கிக்க."

ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். இவ்வளவு நாள் அவள் முகத்தைக் கால்வாசி கால்வாசியாகக் காட்டிய கண்ணாடியில் இப்போது அப்பாவின் கண் தெரிந்தது. அந்தக் கண் சிரிக்கவில்லை. இட்லிக் கடையிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப்பார்த்தாள். இருளாயி எழுந்து நின்றாள். கொஞ்ச தூரத்துக்கு அவராலேயே ஓட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு வருவதாகத்தான் பேச்சு. இன்ஜின் உறுமியது. ஆட்டோ பின்னால் வந்து, வளைந்து, தெருவில் இறங்கியது.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற பிரகதியின் கை பழகிய வேலையைச் செய்தது. பையிலிருந்து டோனரை எடுத்து உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டாள். கண் மட்டும் ஆட்டோவின் முதுகிலேயே இருந்தது. அது மெயின் ரோட்டை நெருங்கும்போது, பக்கத்துச் சாலையிலிருந்து ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே மூக்கை நீட்டியது. வலது கால், வலது கால் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆட்டோவின் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்தது.

ஆட்டோ நின்றது. அப்படியே, அசையாமல், கோட்டைக் கிழித்த மாதிரி நின்றது. பஸ் தன்பாட்டுக்குத் திரும்பிப் போனது. விளக்கு அணைந்தது. ஆட்டோ மெயின் ரோட்டில் ஏறி, இன்னும் கொஞ்சம் வேகம் எடுத்து, கண்ணுக்கு மறைந்தது.

"ஏ புள்ள, கொடம் வழியுது" என்று குழாயடியில் யாரோ சத்தம் போட்டார்கள். பிரகதி திரும்பவில்லை. ஆட்டோ நின்ற இடம் காலியாக இருந்தது. எதிரில் கண்ணாடி இல்லை, கம்பிக்கதவுக்கு உள்ளே பிள்ளையார் மட்டும் இருந்தார். அவள் கையைச் சாய்த்து டோனரைத் தரையில் விட்டாள். உள்ளங்கைகளைத் துப்பட்டாவில் துடைத்தாள், ஈரம் இல்லை என்று தெரிகிறவரை துடைத்தாள். பிறகு கண்ணை மூடி, வெறும் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.